இன்வெர்ட்டர் பேட்டரி மாத்தப் போறீங்களா... பழைய லேபிள்ல இருக்கிற நம்பரை மட்டும் பார்த்து வாங்காதீங்க!

கரன்ட் போன அடுத்த நொடியே ஃபேன் மறுபடியும் சுற்ற ஆரம்பிக்கிறது. 'அப்பாடா' என்று திரும்பிப் படுத்தால், கால் மணி நேரத்தில் இன்வெர்ட்டர் 'பீப்... பீப்...' என்று கத்துகிறது. அப்புறம் மொத்த வீடும் இருட்டு. வாங்கி நாலைந்து வருஷம் ஆன பேட்டரி இருக்கிற வீடுகளில் இது பழகிப்போன கதைதான். மறுநாள் காலையில் என்ன செய்வோம்? பழைய பேட்டரியின் ஸ்டிக்கரை மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டு போய், கடைக்காரரிடம் காட்டி, 'இதே மாதிரி ஒண்ணு கொடுங்க' என்போம்.

ஆனால், அந்த ஸ்டிக்கரில் இருக்கும் '150 ஏ.ஹெச்' எந்தக் கணக்கில் உங்க வீட்டுக்கு வந்தது? தமிழ்நாட்டில் நிறைய வீடுகளுக்குள் இன்வெர்ட்டர் நுழைந்ததே 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில்தான். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் 10 மணி நேரத்துக்கும் மேல் கரன்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. அந்தக் காலத்துக்காக வாங்கிய அளவையே ஒவ்வொரு முறையும் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இன்றைக்கு நிலைமை வேறு. அவ்வப்போது பத்து நிமிஷம், அரை மணி நேரம் போகும். பராமரிப்பு ஷட்டவுன் என்றால் காலையில் போய் மாலையில் வரும். புயல் அடித்தால் நாள்கணக்கில் இருட்டு. வீட்டில் இருக்கும் பொருள்களும் மாறிவிட்டன. குண்டு பல்பு போய் எல்.இ.டி வந்துவிட்டது; வைஃபை ரவுட்டரும் லேப்டாப்பும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. எனவே, 'பழசு எத்தனை ஏ.ஹெச்?' என்று பார்ப்பதைவிட, 'இப்போ எங்க வீட்டுக்கு எவ்வளவு கரன்ட், எவ்வளவு நேரம் வேணும்?' என்று பார்ப்பதுதான் சரி. அதை எப்படிக் கணக்குப் போடுவது, கடையில் எதையெல்லாம் கவனிப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல்ல, பேட்டரி உண்மையிலேயே போயிடுச்சா?

பேக்கப் குறைந்தாலே பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. கீழே சொல்லும் நான்கையும் முதலில் பாருங்க. இதில் ஏதாவது ஒன்றுதான் காரணம் என்றால், புது பேட்டரிக்கான செலவு மிச்சம்.

* டெர்மினல்: பேட்டரியின் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கிறதா? ஒயர் நட்டு லூஸாக இருக்கிறதா? அப்படியிருந்தால் சார்ஜ் சரியாக ஏறாது, கரன்ட்டும் சரியாக வெளியே வராது.

* தண்ணீர்: மிதவைக் குச்சி சிவப்பு அளவுக்குக் கீழே இறங்கியிருந்தால், உள்ளே இருக்கும் தகடுகள் வெளியே தெரிய ஆரம்பித்திருக்கலாம். சீக்கிரமே கவனித்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் ஓரளவு மீண்டு வரும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்திருந்தால் கஷ்டம்தான்.

* லோடு: புதிதாக ஒரு ஃபேன், பெரிய டி.வி., மீன் தொட்டி மோட்டார் என்று ஏதாவது இன்வெர்ட்டர் லைனில் சேர்ந்திருக்கிறதா?

* சார்ஜர்: இன்வெர்ட்டருக்குள் இருக்கும் சார்ஜிங் பகுதி பழுதானால், எவ்வளவு நல்ல பேட்டரியும் பட்டினிதான் கிடக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பேட்டரியைச் சோதிக்கலாம். முழுசாக சார்ஜ் ஏற்றி, இணைப்பைக் கழற்றி, மூன்று நான்கு மணி நேரம் சும்மா விட்டு, மல்டிமீட்டரில் அளந்தால் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 10.5 வோல்ட் அளவில் நின்றால், ஆறு செல்களில் ஒன்று போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். மெக்கானிக் ஹைட்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டின் அடர்த்தியைப் பார்ப்பார். ஐந்து செல்கள் ஒரே மாதிரி இருந்து, ஒன்று மட்டும் ரொம்பக் குறைவாகக் காட்டினால் அந்த செல்தான் குற்றவாளி.

வோல்ட் மீட்டரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. வயதான பேட்டரி 12.6 வோல்ட் காட்டிவிட்டு, லோடு கொடுத்ததும் படுத்துவிடும். கடைசித் தீர்ப்பு, ஓட்டிப் பார்ப்பதுதான். முழு சார்ஜில், மெயினை ஆஃப் செய்துவிட்டு, வழக்கமான ஃபேன், லைட்டை மட்டும் போட்டு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்க. வர வேண்டிய நேரத்தில் பாதிகூட வரவில்லை என்றால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. வர வேண்டிய நேரம் எவ்வளவு? அதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

ஒரு பேப்பர், பேனா எடுங்க!

கரன்ட் போனால் ஒரே நேரத்தில் எதெல்லாம் ஓட வேண்டும் என்று எழுதுங்க. வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் அல்ல. ஒரே நேரத்தில் ஓடுபவற்றை மட்டும். சராசரியாக, பழைய சீலிங் ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி ஃபேன் சுமார் 30 வாட், எல்.இ.டி டியூப்லைட் 20 வாட், எல்.இ.டி பல்பு 9 வாட், வைஃபை ரவுட்டர் 15 வாட், லேப்டாப் சார்ஜர் 60 வாட் எடுக்கும்.

உதாரணமாக, மூன்று பழைய ஃபேன், மூன்று டியூப்லைட், ஒரு ரவுட்டர். 225 + 60 + 15 = 300 வாட்.

இனி பேட்டரி பக்கம். 150 ஏ.ஹெச் பேட்டரி என்றால் 150 x 12 வோல்ட் = 1,800 வாட் ஹவர். இது காகிதக் கணக்கு. இன்வெர்ட்டர் கரன்ட்டை மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். பேட்டரியையும் கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச முடியாது. எனவே, சுமார் 65 சதவிகிதம்தான் கைக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்க. 1,170 வாட் ஹவர். இதை 300 வாட்டால் வகுத்தால், கிட்டத்தட்ட 4 மணி நேரம். புது பேட்டரியில் நீங்க எதிர்பார்க்க வேண்டியது இவ்வளவுதான்.

இப்போது அதே வீட்டில் மூன்று ஃபேனையும் பி.எல்.டி.சி-யாக மாற்றினால்? 90 + 60 + 15 = 165 வாட். அதே 150 ஏ.ஹெச் பேட்டரி 7 மணி நேரம் தாங்கும். இன்னும் ஒரு விஷயம் கவனியுங்க. இந்த வீட்டுக்கு 100 ஏ.ஹெச் பேட்டரி போட்டாலே நாலே முக்கால் மணி நேரம் வரும். அதாவது, பழைய ஃபேனோடு 150 ஏ.ஹெச் கொடுத்ததைவிட அதிகம்! பெரிய பேட்டரிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை ஃபேனுக்குக் கொடுத்தால், பேக்கப்பும் கூடும், ஈ.பி பில்லும் குறையும். ஃபேனின் ஆயுள், பேட்டரியின் ஆயுளைவிட நீளமும்கூட.

பெரிய பேட்டரி போட்டா மிக்ஸி ஓடுமா?

ஓடாது. பலர் குழம்புகிற இடம் இது. ஒரே நேரத்தில் எவ்வளவு லோடு இழுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது இன்வெர்ட்டர். எவ்வளவு நேரம் இழுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பதுதான் பேட்டரி. 900 வி.ஏ இன்வெர்ட்டர் என்றால் தோராயமாக 700 வாட் வரைதான் அதன் வேலை. அதோடு 100 ஏ.ஹெச்சைச் சேர்த்தாலும், 200 ஏ.ஹெச்சைச் சேர்த்தாலும் அந்த எல்லை மாறாது. தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவற்றை வீட்டு இன்வெர்ட்டர் லைனிலிருந்து தள்ளியே வைங்க.

ஃபிரிட்ஜையும் சேர்க்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்க. கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். சாதாரணப் பவர்கட்டுக்கு அதுவே போதும்.

எந்த வகை, யாருக்கு?

வீட்டு இன்வெர்ட்டருக்குக் கடையில் பொதுவாக நான்கு வகை காட்டுவார்கள்.

ஃபிளாட் பிளேட்: தட்டையான ஈயத் தகடுகள் கொண்டது. விலை குறைவு, ஆயுளும் குறைவு. அடிக்கடி பவர்கட் ஆகி, ஆழமாகக் காலியாகி, மறுபடி சார்ஜ் ஏறுகிற வேலைக்கு இது தாக்குப்பிடிக்காது.

டியூபுலர்: பாசிட்டிவ் தகட்டில் இருக்கும் ஈயப் பொருளைக் குழாய் போன்ற உறைகளுக்குள் அடைத்திருப்பார்கள். அதனால் அது சீக்கிரம் உதிர்ந்து அடியில் போய்ச் சேராது. நீண்ட நேரம் மெதுவாகக் கரன்ட் கொடுக்கிற வேலைக்கே உருவாக்கப்பட்டது. குட்டையாக இருந்தால் ஷார்ட் டியூபுலர், உயரமாக இருந்தால் டால் டியூபுலர். உயரமானதில் ஆசிட் கலந்த நீரும் அதிகம் பிடிக்கும். தண்ணீர் ஊற்றும் இடைவெளியும் கூடும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் பொருத்தம்.

எஸ்.எம்.எஃப், ஜெல்: மூடி திறக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆசிட் கொட்டாது. ஆனால், சூட்டையும் ஆழமாகக் காலியாவதையும் டியூபுலர் அளவுக்குத் தாங்காது.

லித்தியம்: இதைத் தனியாகப் பார்க்கலாம்.

'வீட்டுல பழைய கார் பேட்டரி சும்மாதானே கிடக்கு, அதைப் போட்டா என்ன?' என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். கார் பேட்டரியின் வேலை, இன்ஜினைக் கிளப்ப ஒரு சில நொடிக்கு நிறைய கரன்ட் கொடுப்பது. கிளம்பியதும் ஆல்டர்னேட்டர் அதை உடனே நிரப்பிவிடும். அதற்காக உள்ளே மெல்லிய தகடுகளை நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். அதை மணிக்கணக்கில் ஃபேன் ஓட்ட வைத்து, அடிவரை காலி செய்தால், சில மாதங்களிலேயே தகடு உதிர்ந்துவிடும். 100 மீட்டர் ஓட்டக்காரரை மாரத்தான் ஓடச் சொல்வது மாதிரி. இரண்டுமே 12 வோல்ட்தான், வேலை வேறு.

லித்தியம் வாங்கலாமா?

வீட்டு இன்வெர்ட்டருக்கு வரும் லித்தியம் பேட்டரிகள் பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. மொபைலில் இருக்கும் லித்தியம் வகைகளைவிட இது சூட்டைத் தாங்கும். எடை குறைவு, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, வேகமாக சார்ஜ் ஏறும், டியூபுலரைவிடப் பல மடங்கு அதிக முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். முக்கியமாக, இருக்கிற சக்தியில் 80, 90 சதவிகிதம் வரை எடுத்துப் பயன்படுத்தலாம். அதனால் 100 ஏ.ஹெச் லித்தியம், 150 ஏ.ஹெச் டியூபுலருக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்துவிடும்.

விலைதான் இடிக்கும். டியூபுலரைவிடக் கணிசமாக அதிகம். தினமும் பவர்கட் ஆகிற ஊரில், அடுத்த எட்டு, பத்து வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் லாபமாக இருக்கலாம். மாதத்தில் இரண்டு முறை அரை மணி நேரம் போகிற வீட்டில், அத்தனை முறை சார்ஜ் ஏற்றி இறக்கும் வாய்ப்பே வராது. வாடகை வீட்டில் இருந்து அடிக்கடி மாறுபவர்கள், தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத முதியவர்கள், பேட்டரி வைக்க பால்கனிகூட இல்லாத ஃபிளாட்வாசிகள் ஆகியோருக்கு இது வசதி.

பழைய இன்வெர்ட்டரோடு லித்தியம் சேருமா என்பதை அந்த இன்வெர்ட்டர் நிறுவனத்தின் சர்வீஸில் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். ஈய பேட்டரிக்கான சார்ஜிங் முறை லித்தியத்துக்கு அப்படியே பொருந்தாது. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட், இன்வெர்ட்டர் திடீரென்று அதிகம் இழுத்தால் 'கட்' செய்துவிடும். விலை குறைவு என்று எந்த நிறுவனப் பெயரும் இல்லாமல் ஒட்டிச் சேர்த்த பேட்டரிகளை வீட்டுக்குள் கொண்டுவராதீங்க.

லேபிளில் எதைப் படிக்கணும்?

சி10-ஆ, சி20-ஆ: 150 ஏ.ஹெச் என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே சின்னதாக 'சி20' என்று இருக்கும். 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்தால் 150 கிடைக்கும் என்று அர்த்தம். அதாவது 7.5 ஆம்பியர் கரன்ட். நம் உதாரண வீட்டின் 300 வாட் லோடு, பேட்டரியிலிருந்து 30 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். வேகமாக இழுத்தால் மொத்தமாகக் கிடைப்பதும் குறையும். எனவே ஒரு பேட்டரி 150 ஏ.ஹெச் சி10, இன்னொன்று 150 ஏ.ஹெச் சி20 என்றால், முதலாவதுதான் பெரியது. விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்து ஒப்பிடுங்க.

எடை: ஈய பேட்டரியில் காசுக்குரிய பொருள் ஈயம்தான். ஒரே வகை, ஒரே ஏ.ஹெச் உள்ள இரண்டு பேட்டரிகளில் ஒன்று பல கிலோ குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்க. 150 ஏ.ஹெச் டால் டியூபுலர், ஆசிட்டோடு சேர்த்து 50 கிலோவைத் தாண்டும். மாடிக்குத் தூக்கி வைக்க ஆள் வருவாரா என்பதையும் அப்போதே பேசிடுங்க.

தயாரிப்பு மாதம்: ஈய பேட்டரி கடையில் சும்மா இருந்தாலும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக சார்ஜை இழக்கும். சார்ஜ் இல்லாமல் பல மாதம் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். தயாரித்து மூன்று மாதத்துக்குள் இருப்பதைக் கேட்டு வாங்குங்க. சீரியல் நம்பரில் தேதி ஒளிந்திருந்தால், அதை எப்படிப் படிப்பது என்று கடைக்காரரையே சொல்லச் சொல்லுங்க.

வாரன்டி: '60 மாதம் வாரன்டி' என்று பெரிதாக எழுதியிருக்கும். அதற்குள் இரண்டு பகுதிகள் இருக்கும். முதல் பகுதியில் பேட்டரி போனால் இலவசமாக மாற்றிக் கொடுப்பார்கள். இரண்டாவது பகுதியில், புது பேட்டரியின் விலையில் ஒரு பங்கு தள்ளுபடி மட்டும்தான். 36 + 24 என்பதும், 48 + 12 என்பதும் கூட்டினால் 60 தான். ஆனால், இரண்டாவதுதான் உங்களுக்கு லாபம். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். 'பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்' என்பது, வாரன்டியைக் கையைவிட்டுக் கழற்றும் பேரம். ஈய பேட்டரிக்கான ஜி.எஸ்.டி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பழைய பில்லோடு ஒப்பிட்டுப் பேரம் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

உங்க இன்வெர்ட்டருக்குப் பொருந்துமா?

பேட்டரி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதற்குச் சோறு போடுவது இன்வெர்ட்டரின் சார்ஜர். ஈய பேட்டரிக்கு அதன் ஏ.ஹெச்சில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் சார்ஜிங் கரன்ட் என்பது பொதுவான கணக்கு. 150-க்கு 15 ஆம்பியர், 200-க்கு 20 ஆம்பியர். 10 ஆம்பியர் மட்டுமே கொடுக்கிற சின்ன இன்வெர்ட்டரோடு 200 ஏ.ஹெச் பேட்டரியைச் சேர்த்தால், ஒருமுறை காலியானால் நிரம்ப ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் அடுத்த பவர்கட் வந்தால், பேட்டரி எப்போதும் அரை வயிறுதான். அப்படியே கிடந்து சீக்கிரம் செத்துப்போகும்.

இன்வெர்ட்டரின் பின்புறத்திலோ, டிஸ்பிளே மெனுவிலோ 'எந்த வகை பேட்டரி' என்று தேர்ந்தெடுக்க ஒரு ஸ்விட்ச் இருக்கும். பேட்டரி வகை மாறினால் அதையும் மாற்றியாக வேண்டும். டியூபுலருக்குக் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். அதே வோல்டேஜை எஸ்.எம்.எஃப்-க்குக் கொடுத்தால் உள்ளே காய்ந்துவிடும். பேட்டரி மாட்ட வருபவர் கிளம்புவதற்கு முன்னாடி இதைக் காட்டச் சொல்லுங்க.

இரண்டு பேட்டரி வைத்திருக்கும் வீடுகளில் ஒன்று மட்டும் போய்விட்டது என்றாலும், இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. பழசும் புதுசும் சேர்ந்தால், பலவீனமானது சீக்கிரம் காலியாகி, மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

எங்கே வைக்கிறோம்ங்கிறதும் முக்கியம்!

மாடிப்படிக்குக் கீழே, மூடிய அலமாரிக்குள், சாமி விளக்குக்குப் பக்கத்தில், கேஸ் சிலிண்டரை ஒட்டி... நம் வீடுகளில் பேட்டரிக்குக் கிடைக்கும் இடங்கள் இவைதான். ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். காற்றில் அது 4 சதவிகிதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், தீப்பிடிக்கும். எனவே காற்றோட்டமான இடத்தில் வைங்க. விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு, சிலிண்டர் எதுவும் பக்கத்தில் வேண்டாம். குழந்தைகள் தொடும் இடமும் படுக்கையறையும் வேண்டாம்.

வெயிலும் எதிரிதான். 25 டிகிரியைத் தாண்டி ஒவ்வொரு 10 டிகிரி சூடு கூடும்போதும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. மேற்கு வெயில் படும் பால்கனி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் இடம் இரண்டையும் தவிருங்க.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஸ்டாண்டு போட்டு உயர்த்தி வைங்க. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்திலும் சென்னையில் எத்தனையோ தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பேட்டரி மூழ்கியிருந்தால் மெயினை ஆஃப் செய்யாமல், எலெக்ட்ரீஷியன் வராமல் தொடாதீங்க.

வீட்டில் நோயாளி இருந்தால்...

நிமிஷத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், தோராயமாக 350 வாட் எடுக்கும். 150 ஏ.ஹெச் டியூபுலரில் அதை மட்டும் ஓட்டினால் மூன்று மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். கூடவே ஃபேனும் ஓடினால் அதுவும் இல்லை. பேட்டரி புதிதாக இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு. மூன்று வருஷம் கழித்து இதில் எவ்வளவு மிஞ்சும் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். எனவே, மருத்துவக் கருவிக்கு சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும்; முடிந்தால் தனி இன்வெர்ட்டர், தனி பேட்டரி. எந்த பேட்டரியையும் மட்டும் நம்பாமல், மருத்துவரிடம் கேட்டு நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றைக் கையில் வைத்திருங்க. உபரிச் செலவு என்று யோசிக்கிற விஷயம் இல்லை இது.

புயல் பகுதியில் இருக்கிறவங்க என்ன செய்யலாம்?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, டெல்டா கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் வரவில்லை. அப்படி ஒரு நிலைக்கு 200 ஏ.ஹெச்சும் போதாது, 400-ம் போதாது. அங்கே லோடைக் குறைப்பதுதான் வழி. ஃபேனை நிறுத்திவிட்டு, இரண்டு எல்.இ.டி பல்பு, மொபைல் சார்ஜர் என்று 30, 40 வாட்டுக்குள் நின்றால் 150 ஏ.ஹெச் பேட்டரி ஒரு நாளை ஓட்டிவிடும். தேவைப்படாத நேரத்தில் இன்வெர்ட்டரையே ஆஃப் செய்துவிடுங்க. லோடு இல்லாவிட்டாலும் அது கொஞ்சம் கரன்ட் சாப்பிடும். கடலோரத்தில் இருப்பவர்கள், ஒரு சோலார் பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும் சேர்த்துக்கொண்டால், வெயில் வந்ததும் பேட்டரிக்கு உயிர் வரும். பேட்டரி அளவைப் பெரிதாக்குவதைவிட இதில் பலன் அதிகம்.

பழைய பேட்டரியை என்ன செய்றது?

அதைக் காயலான் கடையில் எடைக்குப் போடாதீங்க. அதில் பாதிக்கும் மேல் ஈயம். அதற்காகவே கொல்லைப்புறத்தில் உடைத்து, ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றி, ஈயத்தை உருக்கும் இடங்கள் உண்டு. அந்தப் புகையும் மண்ணும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் உடம்புக்குள் போகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்குப் 'பாதுகாப்பான அளவு' என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் மூன்றில் ஒரு குழந்தை, அதாவது சுமார் 80 கோடிப் பேர், ரத்தத்தில் ஈயம் கூடிய நிலையில் இருப்பதாக 2020-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது சுட்டிக்காட்டியது, முறையில்லாமல் உடைக்கப்படும் ஈய பேட்டரிகளைத்தான்.

2022-ம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியை மற்ற குப்பையோடு சேர்க்காமல், முறையாகச் சேகரிப்பவர்களிடமோ மறுசுழற்சி செய்பவர்களிடமோ ஒப்படைப்பது நம் பொறுப்பு. சுலபமான வழி, புது பேட்டரி வாங்கும் டீலரிடமே எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது. 'எக்ஸ்சேஞ்சோட என்ன விலை, இல்லாம என்ன விலை?' என்று தனித்தனியாகக் கேட்டு, பழசுக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்க.

வாங்கியாச்சு... இனி பார்த்துக்கிறது எப்படி?

* முதல்முறை மாட்டியதும், 10, 12 மணி நேரம் முழுசாக சார்ஜ் ஏறட்டும். அதுவரை பவர்கட் சோதனை வேண்டாம்.

* இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கோடையில் மாதம் ஒருமுறை தண்ணீர் அளவைப் பாருங்க. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆர்.ஓ தண்ணீர், ஏ.சி-யிலிருந்து சொட்டும் தண்ணீர், மழைநீர் எதுவும் வேண்டாம். ஆசிட் ஊற்றவே கூடாது. பச்சைக் கோட்டைத் தாண்டியும் நிரப்பாதீங்க.

* டெர்மினலில் பொடி பூத்தால், இன்வெர்ட்டரை ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஆப்ப சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்க. சோடா நீர் செல்லுக்குள் இறங்கக் கூடாது. வளையல், மோதிரம், மெட்டல் வாட்ச் எதுவும் கையில் வேண்டாம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்க. ஆசிட் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவணும். கண்ணில் பட்டால் கழுவிய கையோடு மருத்துவமனைக்குப் போங்க.

* பவர்கட்டே வராத ஊர் என்றால், மாதம் ஒருமுறை நீங்களே மெயினை ஆஃப் செய்து ஒரு மணி நேரம் ஓட்டுங்க. கோடை தொடங்கும் மார்ச்சிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய செப்டம்பரிலும் இந்தச் சோதனையைத் தவறவே விடாதீங்க. பேட்டரி போய்விட்டது என்பது புயல் ராத்திரியில் தெரிவதைவிட, வெயில் அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தெரிவது நல்லது.

சுருக்கமாக, உங்க வீட்டுக்கு எது?

* ஜெனரேட்டர் இருக்கும் அப்பார்ட்மென்ட், எப்போதாவது அரை மணி நேரம் பவர்கட்: 100 ஏ.ஹெச் டியூபுலர் தாராளம். தண்ணீர் ஊற்றும் தொல்லை வேண்டாம் என்றால், இன்வெர்ட்டர் ஏற்றுக்கொண்டால், லித்தியம்.

* மாதாந்தர ஷட்டவுனில் பகல் முழுக்கக் கரன்ட் போகும் தனி வீடு: 150 ஏ.ஹெச் டால் டியூபுலர், கூடவே பி.எல்.டி.சி ஃபேன். பகலில் லைட்டும் தேவைப்படாது என்பதால் சமாளித்துவிடும்.

* அடிக்கடி, நீண்ட நேரம் கரன்ட் போகும் கிராமம் அல்லது கடலோரம்: இன்வெர்ட்டரின் சார்ஜர் தாங்கும் என்றால் 200 ஏ.ஹெச், இல்லையென்றால் 150-ம் சோலார் பேனலும்.

கடைக்குக் கிளம்பும்போது பழைய ஸ்டிக்கர் போட்டோவோடு, லோடு கணக்கு எழுதிய அந்தப் பேப்பர், இன்வெர்ட்டரின் மாடல் நம்பர் இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்க. 'எத்தனை ஏ.ஹெச் வேணும்?' என்று அவர் கேட்பதற்கு முன்னாடி, 'எங்க வீட்டுக்கு 165 வாட், அஞ்சு மணி நேரம் வேணும்' என்று நீங்க சொல்லுங்க. அதற்கு அப்புறம் பேச்சு விலையைப் பற்றி மட்டும்தான் இருக்கும்.